மூணாம் நாளே அஞ்சு ஸ்டார்

"விடுங்க மாமா, வயசாயிடுச்சுல்ல? இந்த அளவுக்கு வந்ததே பெரிசு."

அக்கா பையன் எனக்குச் சொன்ன ஆறுதல் இது. ஆறுதலாம்! காலேஜ்ல முதல் வருஷம் படிக்கிற பையன். கையில ஒரு பந்தைப் பிடிச்சுக்கிட்டு, மணிக்கட்டை லேசா ஒரு சுழட்டு சுழட்டுறான். பந்து மேல இருக்கிற சின்ன டிஸ்ப்ளேல 9,000-னு காட்டுது. அதே பந்தோட அண்ணனை வெச்சுக்கிட்டு நான் பல்லைக் கடிச்சு, முகமெல்லாம் சிவக்கச் சுழட்டினா 6,500. அதுக்கு மேல ஏற மாட்டேங்குது. ஹால்ல உட்கார்ந்திருந்த மொத்தக் குடும்பமும் என்னைப் பரிதாபமாப் பார்க்குது. "சுகர் செக் பண்ணியா?"ன்னு அக்கா வேற கேக்கறா.

ரெண்டு பந்தும் ஒரே கம்பெனி, ஒரே மாடல். கலர் கூட ஒண்ணுதான். அவனோடது போன மாசம் வந்தது. என்னோடது மூணு தீபாவளி பார்த்தது. எனக்கு முதல்லயே சந்தேகம்தான். "மாத்திக்கலாம் வாடா"ன்னேன். அவன் பந்து என் கைக்கு வந்ததும் சமர்த்தா 8,500-ஐத் தொட்டுச்சு. என் பந்து அவன் கைக்குப் போச்சு. கிளம்பவே இல்ல. கர்ர்ருன்னு ஒரு முனகல், அப்புறம் படுத்துடுச்சு. திரும்பச் சுழட்டுறான், திரும்பப் படுக்குது. "என்ன மாமா இது, உள்ள கல்லு எதாவது கிடக்கா?"ங்கறான்.

இப்பச் சொல்லு, யாருக்கு வயசாச்சு?

சொல்லமாட்டான். போனை எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டான். குடும்பமும் டி.வி. பக்கம் திரும்பிடுச்சு. என் மானம் காப்பாத்தப்பட்ட செய்தியைக் கேக்க ஹால்ல ஒருத்தர் கூட மிச்சமில்ல. அதான் உங்ககிட்ட வந்திருக்கேன்.

பார்த்திராதவங்களுக்கு: டென்னிஸ் பந்தை விடக் கொஞ்சம் பெரிசு. வெளியில பிளாஸ்டிக் ஓடு, உள்ள கனமா ஒரு ரோட்டார். அதைக் கயிறு சுத்தி இழுத்தோ, ஸ்பிரிங் மாடல்னா பின்பக்கமா முறுக்கி விட்டோ கிளப்பணும். அப்புறம் மணிக்கட்டை வட்டமா ஆட்டிக்கிட்டே இருந்தா வேகம் ஏறும், ஏற ஏறக் கையைப் பிடிச்சு முறுக்கும். நாள் பூரா நம்பர் பேட்ல கணக்குத் தட்டற என்னை மாதிரி ஆளுங்களுக்கு, அதுக்கு மேல டிராஃபிக்ல கிளட்ச்சைப் பிடிச்சுப் பிடிச்சு விடறவங்களுக்கு, முன்கை வலிக்கு நல்லதுன்னு சொல்லித்தான் தலையில கட்டறாங்க. நல்லதாவும் இருந்துச்சு. பொய் சொல்லக் கூடாது. என் வருத்தமெல்லாம் பந்து மேல இல்ல.

பெட்டியில ஒரு வரி கூட இல்லாத விஷயம் மேலதான் என் வருத்தம்.

இது தேயும். சாதாரணமாத் தேயாது. தேயறதையே தொழிலா வெச்சிருக்கிற சாமான் இது. எப்படின்னு கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க, இதுலதான் சூட்சுமம். ரோட்டாருக்குக் குறுக்கால மெல்லிசா ஒரு இரும்பு அச்சு. அந்த அச்சோட ரெண்டு நுனியும் ஓட்டுக்குள்ள வட்டமா ஓடுற ஒரு காடியில உட்கார்ந்திருக்கும். காடியோட அகலம் அச்சு நுனியை விட ஒரு மயிரிழை அதிகம். அந்த மயிரிழைதான் உயிர். சுத்திக்கிட்டிருக்கிற ரோட்டாரை நீங்க கையால சாய்க்கப் பார்த்தா, பம்பரத்துக்கு உண்டான அதே குணத்தோட, அது நீங்க சாய்ச்ச பக்கம் போகாம குறுக்குவாட்டுல திரும்பும். அப்ப ஒரு நுனி காடியோட மேல் விளிம்பை அழுத்தும், எதிர் நுனி கீழ் விளிம்பை அழுத்தும். அழுத்திக்கிட்டே உருளும். உருள உருள ரோட்டார் வேகம் எடுக்கும். அவ்வளவுதான் வித்தை.

கணக்குப் போட்டுப் பார்த்தா அழகா இருக்கும். காடி வட்டத்தோட விட்டம் 5 செ.மீ., அச்சு நுனியோட விட்டம் 2 மி.மீ.ன்னு வெச்சுக்குங்க. கை ஒரு வட்டம் போனா உள்ள ரோட்டார் 25 சுத்து போகும். கை செகண்டுக்கு 5 வட்டம் போட்டா ரோட்டார் நிமிஷத்துக்கு 7,500 சுத்து. மோட்டார் கிடையாது, கரன்ட் கிடையாது. வேகம் ரெண்டு மடங்கானா கையில தெரியற முறுக்கல் நாலு மடங்காகும், அதனாலதான் கடைசி ஆயிரத்துக்கு அப்படிப் பிராணன் போகுது. கிரீஸ் நாட்டுல அகிஸ் கிரிட்சினெலிஸ்னு ஒரு மகானுபாவர் 16,000-ஐத் தாண்டி உலக சாதனையே வெச்சிருக்கார். அவர் மணிக்கட்டுக்கு ஒரு கும்பிடு. அவர் பந்தை நான் ஒரு தடவை தொட்டுப் பார்க்கணும்.

ஏன்னா, எல்லாமே அந்த நுனிக்கும் காடிக்கும் நடுவுல இருக்கிற பிடிமானத்துலதான் நிக்குது. பிடிமானம்னா உரசல். உரசல்னா தேய்மானம். பந்து சுத்துறதே ஒண்ணு மேல ஒண்ணு உரசிக்கிட்டுத்தான். அப்ப நாளாக ஆக என்ன ஆகும்? காடி வழவழன்னு ஆகும். அகலமும் ஆகும். நுனி இம்மியளவு மெலிஞ்சாலும் அந்த 25-ங்கற கணக்கே மாறிடும், கனமான கியர்ல வண்டியைக் கிளப்பற கதைதான். அச்சைத் தாங்கிப் பிடிக்கிற பிளாஸ்டிக் வளையத்துல ஓட்டை பெருசாகி ரோட்டார் ஆட ஆரம்பிக்கும். டிஸ்ப்ளேயைக் கழட்டிட்டு வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க, காடி ஓரமாக் கண்மை தீட்டின மாதிரி கறுப்பாப் பொடி படிஞ்சிருக்கும். விரல்ல ஒட்டினாச் சோப்புப் போட்டாலும் சீக்கிரம் போகாது. அதான் நீங்க குடுத்த காசு, பொடியா.

இதுல வேடிக்கை என்னன்னா, பழைய பந்து எல்லா வேகத்துலயும் மோசமா இருக்காது. எப்படியோ தட்டிக் கொட்டி ஒரு வேகத்துக்குக் கொண்டுபோயிட்டா அழுத்தம் கூடிப் பிடிச்சுக்கும், ஓடும். அழுத்தமே இல்லாத ஆரம்பத்துலதான் வழுக்கும். அப்புறம் உச்சத்துல, எப்பவோ ஒரு தடவை கீழ விழுந்து வாங்கின அடி ஞாபகத்துக்கு வந்து, கை எலும்பு வரைக்கும் கடகடன்னு ஆட்டும். புதுப் பந்தோட சத்தம் உய்ய்ங்குனு ஒரே சுதியில ஏறும். பழசோட சத்தத்துல சுதி கிடையாது.

புதுசும் பெட்டியைப் பிரிச்ச அன்னிக்கே உச்சத்துல இருக்காது, அது இன்னொரு விஷயம். என்னோடது வந்தப்பக் கொஞ்சம் முரடாத்தான் இருந்துச்சு. சில வாரம் ஓடின பிறகுதான் பதமாச்சு. அப்புறம் நல்லா ஒரு காலம். பிறகு மெல்ல மெல்ல இறக்கம். தினம் பத்து, இருபது எண் குறைஞ்சா யாருக்குத் தெரியும்? கண்ணாடியில தினம் பார்க்கிற தலையில முடி கொட்டறது நமக்கா தெரியுது? ஊருக்குப் போயிட்டு வந்த சித்தி சொல்லித்தானே தெரியுது. இங்க சித்தி வேலையைப் புதுப் பந்து பார்த்துச்சு.

அதுக்குள்ள நாம என்ன நினைச்சுக்கிட்டு இருப்போம்? கை வலு போயிடுச்சு, விட்டமின் குறைச்சல், ராத்திரி ஒழுங்காத் தூங்கல. டிஸ்ப்ளேல காட்டற எண், கையும் பந்தும் சேர்ந்து போட்ட மார்க். அதுல பந்தோட பங்கு எவ்வளவு, கையோட பங்கு எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ல அந்த டிஸ்ப்ளேக்குத் தெரியாது. பழி மட்டும் முழுசா உடம்பு மேல.

வீட்டோட நிக்குதா இந்தக் கூத்து? பிசியோதெரபிக்குப் போனேன்னு வைங்க. பேர் வேண்டாம், நல்ல மனுஷங்கதான். அங்க ஒரு கூடையில இதே பந்துங்க குவிஞ்சு கிடக்கு. வர்றவங்க எல்லாரும் சுழட்டி, பாதிப் பேர் கீழ போட்டு, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு ராகம் பாடுது. கைக்கு வந்ததை எடுத்துக் குடுக்கறாங்க. சுழட்டச் சொல்றாங்க. வர்ற எண்ணை சார்ட்ல எழுதறாங்க. போன வாரம் 5,000, இந்த வாரம் 6,200, "வெரிகுட் இம்ப்ரூவ்மென்ட் சார்!" அடுத்த வாரம் 4,800. "வீட்ல எக்சர்சைஸ் பண்றீங்களா, இல்லையா?" ஏங்க, போன வாரம் குடுத்தது நீலம், இந்த வாரம் குடுத்தது பச்சை! அதைச் சொன்னா, "எல்லாம் ஒண்ணுதான் சார்"ங்கறாங்க. ஒண்ணா?

காய்கறிக் கடையில வெச்சிருக்கிற எலெக்ட்ரானிக் தராசை வருஷத்துக்கு ஒரு தடவை சரி பார்த்து முத்திரை வாங்கியாகணும், சட்டம் இருக்கு. அரைக் கிலோ கத்தரிக்காய்க்கு இருக்கிற மரியாதை என் மணிக்கட்டுக்கு இல்ல.

சரி, தேய்ஞ்சுபோச்சு. என்ன பண்ணலாம்னு யாரையாவது கேளுங்க. தமிழ்நாட்டுல எந்த மூலையில, யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். "ஒரு சொட்டு எண்ணெய் விடுங்க." ஹார்டுவேர் கடைக்காரர் சொல்றார். அபார்ட்மென்ட் வாட்ச்மேன் சொல்றார். கல்யாண மண்டபத்துல பக்கத்து இலைக்காரர் சொல்றார், அவருக்கு அந்தப் பந்து என்னன்னே தெரியாது. எங்க சித்தப்பா சொல்லோட நிக்கலை, செயல்லயே இறங்கிட்டார். நான் குளிச்சுட்டு வர்றதுக்குள்ள தையல் மிஷின் எண்ணெய் டப்பாவோட மூக்கைப் பந்துக்குள்ள விட்டு டக், டக்குனு ரெண்டு அமுக்கு. "கதவு கீலா இருந்தாலும் சரி, கம்ப்யூட்டரா இருந்தாலும் சரி, எண்ணெய் பட்டாச் சரியாப் போயிடும்டா" அப்படின்னு ஒரு வியாக்கியானம்.

சரியாத்தான் போச்சு. பிடிமானத்துல ஓடுற சாமானுக்கு எண்ணெய் விட்டா, இருந்த கொஞ்ச நஞ்சப் பிடிமானமும் போச்சு. நுனி உருளறதுக்குப் பதிலா வழுக்குது. நான் சுழட்டுறேன், சுழட்டுறேன், உள்ள ரோட்டார் அது பாட்டுக்கு ஓய்வு எடுக்குது. அப்புறம் மெடிக்கல் ஷாப்ல ஸ்பிரிட் வாங்கி, காது குடையற பஞ்சுக் குச்சியில தோய்ச்சு, அந்த இடுக்குல விட்டு விட்டுத் துடைச்சு... ஒரு ஞாயித்துக்கிழமையே போச்சு. சித்தப்பாவைக் குத்தம் சொல்ல மாட்டேன். அவர் பார்த்த அத்தனை மிஷினும் எண்ணெய்க்குக் கட்டுப்பட்டதுதான். ஆனா "எண்ணெய் விடாதீங்க"ன்னு பெட்டி மேல கொட்டை எழுத்துல ஒரு வரி போட எவ்வளவு செலவாகும்? பெட்டி மேல என்ன போட்டிருக்கான் தெரியுமா? சிக்ஸ்பேக் வெச்ச ஒரு வெள்ளைக்காரன் படம். மணிக்கட்டுக்கும் சிக்ஸ்பேக்குக்கும் என்ன சம்பந்தம்?

அந்தக் காலத்துல அம்மி கொத்தறவங்க தெருவுல வருவாங்க, ஞாபகம் இருக்கா? "அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ"ன்னு குரல் குடுத்துக்கிட்டு. அரைச்சு அரைச்சு அம்மி வழவழன்னு ஆகிட்டா மிளகாய் சிக்காது, வழுக்கும். உளியை வெச்சு டொக் டொக்குனு கொத்தி, திரும்பச் சொரசொரப்பாக்கிக் குடுப்பாங்க. என் பந்துக்கு வந்திருக்கிறதும் அதே வியாதிதான். அச்சு நுனியை மெல்லிசான உப்புத்தாள்ல லேசா ரெண்டு தேய் தேய்ச்சு, காடியைச் சுத்தம் பண்ணி, அந்த வளையத்தை மட்டும் புதுசா மாத்தினா இன்னும் சில வருஷம் ஓடும். கல்லுக்கே வைத்தியம் தெரிஞ்ச ஊரு இது!

ஆனா திறக்கணுமே. ஓட்டுல எங்கயாவது ஒரு ஸ்க்ரூ இருக்கணுமே. சில மாடல்களைத் திறக்கலாம், என்னோடது அந்த ரகம் இல்ல. ரெண்டு பாதியையும் உருக்கி ஒட்டி, மேல ஒரு ரப்பர் பட்டையை மாட்டி அனுப்பிட்டான். ஸ்பிரிங் மாடல்ங்கறதால கயிறு சுத்தவும் ரோட்டார்ல ஓட்டை கிடையாது. ஸ்பிரிங் சோர்ந்துபோனா ஆளும் அவுட். கையால கிளப்பி விடுற எளிமையான வழியைப் பிடுங்கிட்டு, அதுக்குப் பேரு "ஆட்டோ ஸ்டார்ட்", அதுக்குன்னு விலை வேற கூட.

இதெல்லாம் ஏதோ நேத்து கண்டுபிடிச்ச மர்மம்னு நினைக்காதீங்க. அமெரிக்காவுல ஆர்ச்சி மிஷ்லர்னு ஒருத்தர் இதுக்கு 1973-லயே பேட்டன்ட் வாங்கிட்டார். டைனாபீங்கற பேர்ல வித்துது. 1980-ல ஹிக்பீன்னு ஒருத்தர் இதோட இயற்பியலை ஆசிரியர்களுக்கான பத்திரிகையில விளக்கி எழுதிட்டார். 2000-ல குலிக், ஓ'ரெய்லின்னு ரெண்டு பேர் பக்கம் பக்கமா சமன்பாடு போட்டு, நுனி எப்ப உருளும், எப்ப வழுக்கும்னு ஆராய்ச்சிக் கட்டுரையே எழுதிட்டாங்க. பேட்டன்ட் காலாவதியாகியும் முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, யார் வேணும்னாலும் செய்யலாம், செய்யறாங்க. அறிவுக்குப் பஞ்சம் கிடையாது. ஆனா என் பெட்டிக்குள்ள வந்த துண்டுச் சீட்டுல என்ன இருந்துச்சு? "கையில் எடு. சுற்று. மகிழ்." மூணே கட்டளை. அதையும் எவனோ மிஷின்ல போட்டு மொழிபெயர்த்திருக்கான்.

வாங்கறதுக்கு முன்னால ரிவ்யூ பார்க்கலையான்னு கேப்பீங்க. பார்த்தேன் சாமி, நல்லாப் பார்த்தேன். ஆயிரக்கணக்குல இருக்கு. "நேத்துதான் வந்துச்சு, சூப்பர், அஞ்சு ஸ்டார்." "பேக்கிங் அருமை, டெலிவரி பாய் மரியாதையாப் பேசினார், அஞ்சு ஸ்டார்." "இன்னும் பிரிக்கல, ஆனா நல்லா இருக்கும்னு நம்பறேன், நாலு ஸ்டார்." பிரிக்காமலே நாலு! பொருள் வந்து மூணாம் நாள் நமக்கே மெசேஜ் வருது, "உங்கள் அனுபவம் எப்படி?"ன்னு. மூணு நாள்ல என்ன அனுபவம் இருக்கும்? கல்யாணம் ஆன மூணாம் நாள் மாப்பிள்ளைகிட்ட மைக்கை நீட்டினா என்ன சொல்வான்? அஞ்சு ஸ்டார்தான்.

ஒரு வருஷம் கழிச்சு அந்த மெசேஜ் வரட்டும் பார்ப்போம். வராது. வரவே வராது. திருப்பி அனுப்பற கெடு முடிஞ்சதோட உங்களுக்கும் அந்தப் பொருளுக்கும் நடுவுல நடக்கிறது உங்க குடும்ப விவகாரம். ஆன்லைன் ரிவ்யூவுக்குன்னே 2022-ல இந்தியத் தர நிர்ணய அமைப்பு ஒரு தரக்குறியீடு போட்டுச்சு, ஐ.எஸ். 19000-ன்னு. அதோட கவலையெல்லாம், ரிவ்யூ எழுதினவர் நிஜமான ஆளா, காசு வாங்கிக்கிட்டு எழுதினாரா இல்லையாங்கறது. தப்பில்ல, வேண்டியதுதான். ஆனா நிஜமான ஆள் நிஜமாவே எழுதினாலும் மூணாம் நாள் எழுதினது மூணாம் நாள் கதைதானே? புதுசா இருக்கறப்ப எந்தச் சாமான் நல்லா இல்லாம போச்சு?

ரிப்பேர் உரிமைன்னு ஒண்ணு பேசறாங்களேன்னு சட்டம் தெரிஞ்ச நண்பர் ஒருத்தர் ஞாபகப்படுத்தினார். உண்மைதான். 2022 ஜூலையில மத்திய நுகர்வோர் விவகாரத் துறை அதுக்குக் கமிட்டி போட்டுச்சு, அதே வருஷம் டிசம்பர் 24-ம் தேதி இணையதளமும் திறந்தாங்க. விவசாயக் கருவி, மொபைல் - எலெக்ட்ரானிக்ஸ், வீட்டு உபயோகப் பொருள், வாகனம்னு நாலு பிரிவு. என் பந்து எந்தப் பிரிவு? உழாது, பேசாது, துவைக்காது, ஓடாது. சுத்த மட்டும்தான் செய்யும். அதையும் இப்ப நிறுத்திடுச்சு.

இதெல்லாம் ஒரு பந்துக்காக இவ்வளவு புலம்பலான்னு நீங்க மனசுக்குள்ள சிரிக்கறது தெரியுது. பந்தை விடுங்க. எங்க ஏரியாப் பூங்காவுல திறந்தவெளி ஜிம் வெச்சாங்க. மஞ்சளும் நீலமுமாப் பெயின்ட், ரிப்பன், மாலை, போட்டோ. முதல் வாரம் வரிசையில நின்னு ஏறினோம். இப்பப் போய்ப் பாருங்க. இடுப்பைத் திருப்பற தட்டு திரும்பாது. காலை வீசற மிஷின்ல பேரிங் போய், ஒரு கால் மட்டும் வீசும். சைக்கிள் பெடல் இருந்த இடத்துல கம்பி நீட்டிக்கிட்டு நிக்குது, சின்னப் பசங்க முழங்கால்ல கோடு போடறதுக்குன்னே. ஒரு கிரீஸ் டப்பா, ஒரு ஸ்பேனர், மாசத்துக்கு அரை நாள் ஒரு ஆள். அவ்வளவுதான் தேவை. திறந்து வெச்சவங்க பேரு பொறிச்ச கல்வெட்டு மட்டும் இன்னும் பளபளன்னு இருக்கு. அதுல மூவிங் பார்ட் எதுவும் இல்ல பாருங்க.

பராமரிப்புக்கு ரிப்பன் வெட்ட முடியாது, அதான் பிரச்சனை. "இன்று இரண்டாம் ஆண்டாகவும் ஓடிக்கொண்டிருக்கிறது"ன்னு எவனாவது போஸ்டர் ஒட்டிப் பார்த்திருக்கீங்களா? ஒட்டினான். சினிமாவுக்கு. வெள்ளி விழான்னு. இப்ப அதுவும் மூணு நாள்தான்.

சரின்னு பந்து கம்பெனி கஸ்டமர் கேருக்கே போனேன். போன் நம்பர் கிடையாது, சாட்தான். பேரு கூட ஒரு பொண்ணு பேரு, பேசறது பொண்ணா மிஷினான்னு தெரியல. காடி தேய்ஞ்சிருக்கு, உள்வளையம் மட்டும் கிடைக்குமான்னு கேட்டேன். "உங்களுக்கு நேர்ந்த சிரமத்துக்கு வருந்துகிறோம்." ஸ்பேர் கிடைக்குமாங்க? "உங்கள் ஆர்டர் எண்ணைத் தெரிவிக்கவும்." தெரிவிச்சேன். "உங்கள் தயாரிப்பு வாரன்டி காலத்தைக் கடந்துவிட்டது." அது எனக்கும் தெரியும், காசு குடுத்தே வாங்கிக்கறேன், அந்த வளையம் விப்பீங்களா? "உங்களுக்கு நேர்ந்த சிரமத்துக்கு வருந்துகிறோம்." எத்தனை வருஷம் உழைக்கும்னு வெச்சு இதைச் செஞ்சீங்க, அதையாவது சொல்லுங்கன்னேன். கொஞ்ச நேரம் மூணு புள்ளி துடிச்சுக்கிட்டே இருந்துச்சு. எனக்கே ஒரு ஆசை வந்துடுச்சு, யாரோ நிஜமாவே யோசிக்கறாங்க போலன்னு.

வந்தது ஒரு கூப்பன். புதுப் பந்துக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி, ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும்தான் செல்லும்.

அதுக்குக் கீழயே அடுத்த மெசேஜ். இந்த உரையாடலுக்கு எத்தனை ஸ்டார் குடுப்பீங்கன்னு. ஒண்ணு அமுக்கினேன். "என்ன குறை என்று விளக்கவும், 150 எழுத்துக்குள்"ன்னு ஒரு பெட்டி திறந்துச்சு. நான் சொல்ல வேண்டியதுல கால்வாசி கூட அதுல அடங்கலை.